ஆவுனே வைத்த பெயர்கள்

ஆவுனே கின்னுனென் பள்ளிப் பேருந்துகளுக்கு வழி சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். பள்ளிக்கூடத்துப் பின்னறையில் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பனி மூடிய சாலைகளில் எந்த வண்டி எங்கே சிக்கியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஓட்டுநர்களை விரட்டுவார். எங்கள் வளைகுடாவில் வளர்ந்த எவரும் அந்தக் குரலுக்குத் தப்பியதில்லை. கனிவு என்பது மருந்துக்கும் இருக்காது. ஆனால் ஒரு வண்டி கூட அவர் காலத்தில் காணாமல் போனதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலி இயக்கும் எங்கள் ஹாம் சங்கத்துக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் அப்போது எங்கள் மலை உச்சியிலும் வீட்டுக் கூரைகளிலும் கணினிச் செய்திகளைக் கடத்தும் பெட்டிகளை வைத்து, குடை ஆன்டெனாக்களை ஒன்றையொன்று பார்க்கத் திருப்பி, சொந்தமாக ஒரு வலை பின்னிக்கொண்டிருந்தோம். போன் கம்பெனி எட்டிப் பார்க்காத ஏரிக்கரைக் குடிசைகளுக்கும் எங்கள் வலை போகும். உலகத்து ஹாம்களுக்கென்று ஒதுக்கி வைத்த எண்களில் ஒரு துண்டு எங்களுக்குக் கிடைத்திருந்தது. பெட்டிக்கு ஒரு எண். அந்த எண்களையும் பெயர்களையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சங்கத் தலைவர் ட்ரெம்பத் கேட்டதும், கை தூக்கியது ஆவுனே ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம், நான் உட்பட.

பெயரைச் சொன்னால் எண் வருகிற மாதிரி எவனும் எழுதி வைப்பான். எண்ணைச் சொல்லி "இது யார்?" என்று கேட்டாலும் பெயர் வர வேண்டும். அதற்குத் தலைகீழ்ப் பதிவுகள் என்று தனியாக எழுதி வைக்க வேண்டும். பல ஊர்ச் சங்கங்களில் அதை யாரும் சீந்துவதில்லை. ஆவுனே சீந்தினார். ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் சொந்தக்காரருக்கு உரிமத்தோடு கிடைத்த அழைப்புக்குறி, அதோடு இடத்தின் பெயர். என் கடைக் கூரையில் இருக்கும் பெட்டியின் எண்ணைக் கேட்டால் என் குறியும் 'இரும்புக்கடை' என்ற சொல்லும் வரும். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு, வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

"எண் இருந்தா பத்தாதா ஆவுனே? எதுக்கு இந்த மெனக்கெடு?" என்று ஒருமுறை ட்ரெம்பத் கேட்டார்.

"உனக்கும் பேர் எதுக்கு ட்ரெம்பத்? தொப்பைக்காரன்னு கூப்பிட்டுட்டுப் போறோம். எல்லாருக்கும் புரியும்."

ட்ரெம்பத் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

இன்னொரு விதியும் ஆவுனே கொண்டு வந்ததுதான். வெளியிலிருந்து கண்ட கண்ட திருட்டுப் பயல்கள் எங்களிடம் காலியாகக் கிடந்த எண்களைப் போட்டுக்கொண்டு உள்ளே வரப் பார்த்த ஒரு சமயம், மலை உச்சிப் பெட்டியை அவர் இப்படி அமைத்துவிட்டார்: பெயர் எழுதப்படாத எண்ணிலிருந்து வரும் எந்தச் செய்தியையும் மலை ஏற்றுக்கொண்டு மேலே அனுப்பாது. பெயர் இருந்தால் வழி உண்டு, இல்லையென்றால் கதவு அடைப்பு. அதன் பிறகு திருட்டுப் பயல்கள் தொல்லை விட்டது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

பெயரை அழிப்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் 'செத்துப் போனார்' என்று நாங்கள் சொல்வதில்லை. 'சாவி ஓய்ந்தது' என்போம். அந்தக் காலத்தில் தந்தி தட்டிய விசைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் சாவி. சங்க விருந்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது ட்ரெம்பத் எழுந்து நின்று போனவரின் அழைப்புக்குறியை வானொலியில் மூன்று முறை கூப்பிடுவார். பதிலுக்குக் காத்திருப்போம். பதில் வராது. மண்டபத்தில் கரண்டி சத்தம் கூட இருக்காது. அப்புறம் ஆவுனே மடியில் வைத்திருக்கும் கணினியில் அந்த எண்ணின் பெயரை அழிப்பார். ஊரை விட்டுப் போனவர்கள், சங்கத்தோடு சண்டை போட்டவர்கள், சந்தா கட்டாதவர்கள், யாருடைய பெயரையும் அவர் தொட்டதில்லை. செத்தால் மட்டும்தான்.

வைனோ சாரெலாவின் பெயரும் அப்படித்தான் போனது.

வைனோ எங்கள் வளைகுடாவிலேயே நல்ல மீன்காரர். ஏரி உறைந்ததும் பனிக்கட்டிமேல் தன் வெள்ளைக் கூட்டை, பலகையால் அடித்த ஒரு சின்னக் குடிலை, இழுத்துக்கொண்டு போய் வைத்து, துளை போட்டு, தூண்டிலோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கூட்டுக்குள் ஒரு சின்ன அடுப்பு, ஒரு பலகைப் படுக்கை, சூரியத் தகட்டில் ஓடும் வலைப்பெட்டி ஒன்று. கூரையில் குடை ஆன்டெனா, மலையைப் பார்த்தபடி. அங்கிருந்துகொண்டே மகள் சிர்க்காவுக்குத் தட்டச்சு செய்து, பிடித்த மீனின் நீளத்தைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருப்பார். கைவானொலி ஒன்றும் வைத்திருந்தார், அது எப்போதும் அவர் லாரியில்தான் கிடக்கும்.

ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில் தெற்குக் காற்று கிளம்பி, பனித்தரை பிளந்து, வைனோ இருந்த பக்கம் அப்படியே பெயர்ந்து பெரிய ஏரிக்குள் போய்விட்டது. லாரி கரையில் நின்றது. ஹெலிகாப்டர் பறந்தது. ஆனால் பின்னாலேயே பனிப்புயல். வெள்ளைப் பனியில் வெள்ளைக் கூட்டை எங்கே போய்த் தேடுவது? தேடுதலை நிறுத்திவிட்டார்கள்.

தேடுதல் நடந்த நாள் எல்லாம் ஆவுனே கணினியில் வைனோவின் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். பெட்டி விழித்திருந்தால் அதுவே 'இருக்கிறேன்' என்று பதில் அனுப்பும். தேடுதல் நின்ற பிறகும் கூப்பிட்டார். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். எண் பேசவேயில்லை. அந்த நடு மார்ச்சில் எங்கள் பின்லாந்துக்காரர்களின் ஊர்ஹோ திருநாள் விருந்து வந்தது. வளைகுடா முழுக்க அன்றைக்குத்தான் ஒன்றுகூடும். ட்ரெம்பத் சொன்னார், இதை விட்டால் எல்லோரும் சேர்வது இனி வேட்டைக் காலத்தில்தான், அதுவரை அந்தக் குடும்பத்தை இழுத்தடிக்க வேண்டாம் என்று. சிர்க்காவும் தலையாட்டினாள். மூன்று முறை கூப்பிட்டார்கள். பதில் இல்லை. ஆவுனே பெயரை அழித்தார். அதன் பிறகு அவரும் அந்த எண்ணைக் கூப்பிடுவதை நிறுத்தினார். பெயரில்லாத எண்ணைக் கூப்பிட்டு என்ன செய்ய?

சிர்க்கா முன்பு எங்கள் வானொலிப் பக்கமே எட்டிப் பார்க்காதவள். பல் மருத்துவரிடம் வேலை, வேலை முடிந்தால் வீடு. அப்பா போன பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிட்டாள். கோர்ட்டு வைனோவை இறந்தவர் என்று அறிவித்ததும் அவருடைய அழைப்புக்குறியையே கேட்டு வாங்கினாள். ரத்த சொந்தத்துக்கு அந்த உரிமை உண்டு. அடுத்த வருஷம் அக்டோபரில் ஒரு மத்தியானம், கையில் ஏலக்காய் ரொட்டியோடு ஆவுனேயின் சமையலறைக்கு வந்தாள். நான் அங்கே தண்ணீர்க் குழாய் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"அத்தை, அப்பாவோட எண்ணையும் எனக்கே தர முடியுமா?"

"அதை வேற யாருக்குத் தரப் போறேன்? பெட்டி வாங்கிட்டியா?"

"இன்னும் இல்ல. பேரை மட்டும் போட்டு வைங்க. பேர் இல்லன்னா மலை ஏத்திக்காதாமே, புத்தகத்துல படிச்சேன்."

"என்ன புத்தகம், அது நான் எழுதுனது," என்று சொல்லிவிட்டு ஆவுனே எண்ணையும் பெயரையும் எழுதினார். முன்பக்கம் எழுதினார், தலைகீழாகவும் எழுதினார். எழுதினால் சரிபார்ப்பது அவர் வழக்கம். எண்ணைக் கேட்டார். பெயர் சரியாக வந்தது: பழைய அழைப்புக்குறி, 'மீன்கூடு' என்ற சொல். அப்புறம் கை பழக்கத்தில் எண்ணையே கூப்பிட்டார். பெட்டியே இல்லாத எண். மௌனம்தான் வர வேண்டும்.

பதில் வந்தது.

ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக. ஆவுனே கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் 'இருக்கிறேன்' என்றது. திரையில் வரிகள் ஏறிக்கொண்டே போயின. என் கையிலிருந்த குறடு நழுவித் தொட்டியில் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தை, அது நானா?" என்றாள் சிர்க்கா.

"நீ எதையும் இன்னும் மாட்டவே இல்லையேடி."

"அப்போ யாரு அது? என் பேர்ல யாரு பதில் சொல்றது?"

ஆவுனே மறுபடியும் கூப்பிட்டார். சிறிது நேரத்தில் அந்தப் பதில்கள் தானாகவே நின்றன. சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. 

ட்ரெம்பத்திடம் சொன்னால் சிரித்தார். "எவனோ வெளியூர்க்காரன் எண்ணைத் தப்பா போட்டிருப்பான். பேரை அழிச்சுடு ஆவுனே, ஓய்ஞ்சுடும்."

"நீ ஒருதடவை அழின்னு சொல்லி அழிச்சாச்சு. வாயை மூடு."

ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு பிறவி எண் பொறித்து அனுப்புவார்கள். அதை மாற்ற எவனும் மெனக்கெட மாட்டான். அந்தப் பிறவி எண்ணையும் மலை உச்சிப் பெட்டியிடம் கேட்டு வாங்கலாம். ஆவுனே மறுநாள் அதைக் கேட்டார். வந்த எண்ணைத் தன் பதிவேட்டோடு ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டார். அது வைனோவின் பெட்டியேதான். அவர் அதை வாங்கியது என் கடையில். நானும் என் விற்பனைக் கணக்கில் தேடிப் பார்த்தேன். அதேதான்.

சிர்க்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆவுனேயின் சமையலறையிலேயே குடியிருந்தாள். பதில் எல்லா நேரமும் வரவில்லை. வெயில் நன்றாக ஏறும் மத்தியான நேரத்தில் மட்டும் வரும். மேகம் மூடிய நாளில் வராது. வரும் நேரத்தில் அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, காப்பி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். செய்தி தட்டி அனுப்பிப் பார்த்தாள். செய்திக்கு மறுமொழி கிடையாது. கூப்பிட்டால் மட்டும், இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன்.

"அப்பா உயிரோட இருக்கார் அத்தை."

"பெட்டி உயிரோட இருக்கும்மா. அது வேற, இது வேற."

"பெட்டியை யார் மாட்டி வச்சா? தானா மாட்டிக்குமா?"

 ஆவுனே எழுந்து போய் அடுப்பைத் துடைத்தார். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தார்.

எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. பெற்ற அப்பனுக்கு ஒருமுறை அழுது முடித்த பெண். அழுததை எல்லாம் இந்தப் பாழாய்ப்போன எண் திரும்ப எடுத்துக்கொண்டு விட்டது. ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள். கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும், ட்ரெம்பத்தும் அப்படித்தானே சொல்கிறார் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து என் கடையில் நின்றுகொண்டு, "நீங்களாவது நம்புறீங்களா வெண்டல் மாமா?" என்று கேட்டாள். "நம்புறேன்னு சொன்னா உனக்கு நல்லதா, கெட்டதா?" என்றேன். "எனக்கு நல்லது வேணாம். அவர் எங்கன்னு தெரிஞ்சா போதும்," என்றாள்.

மலை உச்சியில் ஊரைப் பார்த்து ஒரு ஆன்டெனா, ஏரியைப் பார்த்து ஒரு ஆன்டெனா. பதில் ஏரிப் பக்கத்து ஆன்டெனாவில்தான் வந்தது. அந்தத் திசையில் எதிர்க்கரையை நாங்கள் வண்டியில் சுற்றி வந்தோம். ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது ஏரிக்குள் இருக்கும் பாறைத்தீவு ஒன்று. பட்டறைக்கல் என்போம். ஆள் கிடையாது, ஊசியிலை மரங்களும் கடற்காக்கைகளும்தான். படகு அணைக்க இடம் இல்லாததால் யாரும் அங்கே போவதில்லை.

மீன்பிடிப் படகு வைத்திருக்கும் லோரென் ஒரு தெளிவான காலையில் எங்களை ஏற்றிக்கொண்டார். ஆவுனே வரவில்லை. அவருடைய முழங்காலுக்குப் படகு ஆகாது. தவிரவும் திரையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். "மத்தியானம் நான் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். பதில் நின்னா நீங்க எதையோ தொட்டிருக்கீங்கன்னு அர்த்தம். என்ன பார்த்தாலும் உடனே வானொலில சொல்லணும்," என்றார். கரை விலகியதும் வளைகுடா முழுக்க வானொலியைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். ட்ரெம்பத் கூடக் கேட்டிருப்பார்.

லோரென் பாறை இடுக்கில் படகை ஒட்டி நிறுத்தினார். நானும் சிர்க்காவும் மட்டும் இறங்கினோம். கடற்காக்கைகள் எங்களைக் கண்டதும் ஒரே குரலில் கத்திவிட்டு ஒரே சமயத்தில் அடங்கின. மரங்களுக்கு அந்தப் பக்கம் போனதும் கூடு தெரிந்தது.

வெள்ளை பெயின்ட் உரிந்து கிடந்தது. ஆனால் கூடு தண்ணீர் ஓரத்தில் இல்லை. மேலே, அலை எட்டாத இடத்தில், பூர்ச்சமரங்களுக்கு நடுவே இருந்தது. அடியில் உருளைக்கட்டைகள். காற்று வரும் பக்கம் தேவதாரு கிளைகளை வெட்டி அடுக்கி, மேலே கல் வைத்திருந்தது. வெட்டின கிளைகளின் அடிக்கட்டைகள் சுற்றிலும் நின்றன, நிறைய. அடுப்புச் சாம்பலைக் கொட்டிய மேடு ஒன்று முழங்கால் உயரத்துக்கு இருந்தது. ஒரு நாள் இரண்டு நாளில் அத்தனை சாம்பல் வராது. 

குடை ஆன்டெனா கூட்டின் கூரையில் இல்லை. தனியாக ஒரு மரத்தில் உயரத்தில் கட்டியிருந்தது. கட்டியது பூட்ஸ் கயிற்றால். அதன் கீழே சூரியத் தகடு, பெட்டி, கம்பிகள், எல்லாம் ஒழுங்காக. பேட்டரி எப்போதோ வீங்கிச் செத்திருந்தது. வெயில் நேரே பட்டுக்கொண்டிருக்கும் வரை பெட்டி விழித்திருக்கும், அவ்வளவுதான். அதன் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தன் சமையலறையில் ஆவுனே கூப்பிடக் கூப்பிட, இந்தப் பக்கம் அது மினுக்கி மினுக்கிப் பதில் சொன்னது. நான் ஆன்டெனாவுக்குப் பின்னால் போய் நின்று, அது பார்க்கும் திசையில் பார்த்தேன். தண்ணீருக்கு அப்பால் எங்கள் மலை நேர் நடுவில் நின்றது.

சிர்க்கா கூட்டின் கதவைத் திறந்தாள். நான் தடுக்கவில்லை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளியே வந்தாள்.

"இருக்கார்," என்றாள். "போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கார் மாமா. காலணில கயிறு இல்ல."

அவள் அழவில்லை. ஆன்டெனாவைப் பார்த்தாள், சாம்பல் மேட்டைப் பார்த்தாள், வெட்டிய அடிக்கட்டைகளைப் பார்த்தாள். படித்துத் தேர்வு எழுதியவள் அல்லவா, கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. பனி உடைந்த நாள், கூடு மிதந்து வந்து இங்கே தட்டிய நாள், இழுத்து மேலேற்றி, தகட்டைத் துடைத்து, ஆன்டெனாவை மலைக்குத் திருப்பிக் கட்டி முடித்த நாள். அதற்கு முன்பே வந்துபோன விருந்து நாள். பெயரில்லாத எண்ணை மலை ஏற்றாது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

வானொலியில் ஆவுனேயின் குரல் வந்தது. "வெண்டல், என்னப்பா? சொல்லு."

 சிர்க்கா என் கையிலிருந்து வானொலியை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, அப்பா இங்க இருக்கார். கூட்டுக்குள்ள."

ஆவுனே பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "பாவி மனுஷன். கஷ்டப்பட்டாராம்மா?"

"இல்ல அத்தை. முதல் ராத்திரியே போயிருக்கார். குளிர்ல தூக்கத்துலயே. கூடு அப்படியே மிதந்து வந்து கரை ஒதுங்கியிருக்கு."

இரைச்சல். வளைகுடா மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டும்.

"ஆன்டெனா எந்தப் பக்கம் பாக்குது?" என்றார் ஆவுனே.

சிர்க்கா மரத்தில் கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கீழ விழுந்து கிடக்கு அத்தை."

"சரிம்மா."

அவ்வளவுதான் சொன்னார். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டேயிருந்தது. கீழே விழுந்து கிடக்கும் ஆன்டெனா அத்தனை தூரத்து மலைக்கு ஒரு வார்த்தை கூட அனுப்பாது. அது ஆவுனேக்குத் தெரியும். அவருடைய திரையில் பதில்கள் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும். சிர்க்காவுக்கு அது உறைத்ததோ என்னவோ, குனிந்து தகட்டின் கம்பியைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது.

ஆட்களை வரவழைத்து, வைனோவைக் கரைக்குக் கொண்டு வந்து, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். சர்ச் மண்டபத்தில் காப்பி குடிக்கும்போது ட்ரெம்பத் ஆவுனேயின் தோளைத் தட்டி, "பாத்தியா, முதல் ராத்திரியே போயிட்டார். நாம அவசரப்படல," என்றார். ஆவுனே அவரை ஒரு சொல் கூடத் திட்டவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவரை வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே வா என்றார்.

மேலங்கியைக் கூடக் கழற்றாமல் மேசை முன் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு எனக்காகப் பொய் சொல்லிச்சு."

"ஆமா," என்றேன். மறைத்து என்ன பிரயோஜனம்?

"எவ்வளவு நாள் இருந்திருப்பார்?"

"தெரியல ஆவுனே. வாரக்கணக்குல இருக்கலாம். சாம்பல் நிறைய இருந்துச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார். "அப்பா கூப்பிட்டது நமக்குக் கேக்கலன்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா. காத்துல போயிடுச்சுன்னு. இல்லியா?"

"அப்படித்தான் நினைக்கிறா."

"அப்படியே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். நீயும் வாய் திறக்காதே."

"அதுல என்ன திறக்க இருக்கு?"

அவர் கைகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். "பேர் இல்லாத எண் வந்தா மலை சும்மா இருக்காது வெண்டல். வெளி ஆளுக்குத்தான் சும்மா இருக்கும். ஏரிப் பக்கம் நம்ம ஆளுங்கதானே இருக்காங்க, ஏன் போகலன்னு தெரியாம உக்காந்திருக்கக் கூடாதேன்னு, ஒரு மரியாதைக்கு, திரும்பி ஒரு வரி அனுப்புற மாதிரி நான் பண்ணி வச்சிருக்கேன். 'இந்த எண்ணுக்குப் பெயர் இல்லை.'"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நம்ம சங்கத்துல பேர் எப்போ போகும்னு வைனோவுக்குத் தெரியும். எத்தனை விருந்துல என் பக்கத்துலயே உக்காந்து பாத்திருக்கார்," என்றார் ஆவுனே. "அவர் கூப்பிட்டது மலைக்குக் கேட்டிருக்கு. கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான் பதில் சொல்லியிருக்கேன்."